லோடு போட்டாச்சுங்க

திருப்பூரில் யாராவது 'லோடு போட்டாச்சு' என்று சொன்னால், எந்த லோடு, யார் போட்டது, எதில் போட்டது என்று கேட்காமல் அடுத்த வேலையைத் தொடக் கூடாது. சாய ஆலையில் அதற்குத் துணியை மெஷினுக்குள் விட்டாயிற்று என்று அர்த்தம். லாரி ஆபீஸில் சரக்கு ஏற்றியாயிற்று என்று அர்த்தம். மின்வாரியத்துக்காரரிடம் லோடு என்றால் அவர் கரண்டைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். கேஸ் ஆபீஸில் அதற்கு இன்னொரு அர்த்தம் இருப்பது எங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொண்ட நாளைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

வீரபாண்டிப் பக்கம் ஒரு சாய ஆலையில் ஸ்டோர்ஸ் என் பொறுப்பு. கல்யாண வீடுகளில் சொந்தக்காரர்கள் "பனியன் கம்பெனியில என்ன வேலைங்க?" என்று கேட்பார்கள். டைலரிங், செக்கிங், அக்கவுண்ட்ஸ் என்று ஏதாவது வரும் என்று காத்திருப்பார்கள். "எரிக்கறதுக்கு வாங்கிப் போடறனுங்க" என்பேன். சிரிப்பார்கள். ஆனால் உண்மை அதுதான். பாய்லருக்கு விறகு, ஜெனரேட்டருக்கு டீசல், ஸ்டென்டருக்கு கேஸ். சாயப் பொடியும் உப்பும் போல்ட்டும் நான்தான் வாங்குகிறேன் என்றாலும், அவை தீர்ந்துபோனால் பக்கத்துக் கம்பெனியில் கைமாற்றாக வாங்கிச் சமாளித்துவிடலாம். கேஸை வாளியில் வாங்கி வர முடியாது.

ஸ்டென்டர் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். சாயம் ஏறிய துணி ஈரமாக வெளியே வரும். பிழிந்தாலும் முழு ஈரமும் போகாது. அந்தத் துணியின் இரண்டு ஓரங்களையும் ஊசிச் சங்கிலியில் மாட்டி, வரிசையாக நிற்கும் சூடான அறைகளுக்குள் இழுத்துக்கொண்டே போகிற நீளமான மெஷின் அது. உள்ளே கேஸ் எரிந்து காற்று சூடாகும். ஒரு பக்கம் ஈரமாகப் போகிற துணி மறுபக்கம் காய்ந்து, அகலம் சரியாகி வெளியே வரும். கேஸ் இல்லையென்றால் அது வெறும் இரும்புப் பெட்டி. மேலே டிபன் பாக்ஸ் வைத்துக்கொள்ளலாம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் கேஸ் என்பது கேஸ் ஆபீஸிலிருந்து வருகிறது என்றுதான் நினைத்திருந்தேன். ஒருநாள் அந்த ஆபீஸுக்கு நேரில் போனேன். ஒரு மேசை, இரண்டு போன், ஒரு காலண்டர். சொட்டு கேஸ் இல்லை. எனக்கு ஒரே ஏமாற்றம். அப்புறம்தான் ஒவ்வொருவராக வாயைக் கிளறிக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். எங்களுக்கு வருகிற கேஸ் பெரும்பாலும் கப்பலில் வருகிறது. குளிர வைத்தோ அழுத்தியோ திரவமாக்கிக் கொண்டுவருகிறார்கள். துறைமுகத்தில் பெரிய டேங்குகளில் இறக்குகிறார்கள். டேங்கர் லாரிகள் அங்கே வரிசையில் நின்று, எடை போட்டு, நிரப்பி, மறுபடியும் எடை போட்டு வெளியே வருகின்றன. ஒரு பகுதி சிலிண்டரில் நிரப்பும் ஆலைகளுக்குப் போய் வீட்டு அடுப்புக்கு வருகிறது. இன்னொரு பகுதி தாராபுரம் ரோடு வழியாக எங்களைப் போன்ற கம்பெனிகளுக்கு வருகிறது. எங்கள் காம்பவுண்டு மூலையில், கம்பி வேலிக்குள் படுத்திருக்கும் வெள்ளை டேங்க்கில் இறக்குவார்கள். அங்கிருந்து வேப்பரைசர் என்ற சாதனம் அந்தத் திரவத்தைச் சூடாக்கி மறுபடியும் கேஸாக்கிக் குழாயில் அனுப்பும். அது ஸ்டென்டருக்குள் எரியும்.

கப்பலிலிருந்து ஸ்டென்டர் வரை எல்லாம் இரும்பு. வால்வு, மீட்டர், சீல், எடைச் சீட்டு. எங்கேயும் ஓட்டை கிடையாது. ஆனால் கேஸ் எங்கே இருக்கிறது என்ற சேதி மட்டும் வாய் வழியாகத்தான் வரும். துறைமுகத்துக்காரர் கேஸ் ஆபீஸுக்குச் சொல்ல வேண்டும், அவர்கள் லாரி ஆபீஸுக்கு, லாரி ஆபீஸ் டிரைவருக்கு, டிரைவர் எனக்கு. ஓட்டையெல்லாம் அங்கேதான்.

அதிலும் எங்கள் பக்கத்து வாய் இருக்கிறதே, அது தனி ரகம். நாங்கள் மரியாதைக்காரர்கள். முகத்துக்கு நேரே 'இல்லை' என்று சொல்லிவிட்டால் எதிரில் இருப்பவரைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளின மாதிரி எங்களுக்கு. "ஆயிருமுங்க" என்றால் ஆகாது. "பாத்துக்கலாமுங்க" என்றால் பார்க்க மாட்டார்கள். விறகுக்காரர் "வந்துட்டே இருக்குதுங்க" என்று சொன்னால் மரம் இன்னும் நின்றுகொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். விறகு விஷயத்தில் இது நடக்கும். கொட்டகையில் எப்போதும் கொஞ்சம் கிடக்கும். கேஸ் விஷயத்தில் இந்த மரியாதையை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று கம்பெனியில் பேச்சு. வாரம் முழுக்க "வந்துருமுங்க, வந்துருமுங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தால் புத்தருக்கும் வரும்.

அந்த நாளுக்கு முந்தின வாரம் டேங்கர் லாரிக்காரர்கள் ஸ்டிரைக் என்று ஒரு பேச்சு கிளம்பியது. யார் கிளப்பினார்களோ தெரியாது. கடைசி வரை ஸ்டிரைக் நடக்கவே இல்லை. ஆனால் பேச்சு வந்த அன்றே திருப்பூரில் ஸ்டென்டர் வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் போனை எடுத்துவிட்டார்கள். பாதி டேங்க் இருக்கிறவரும் கேட்டார், காலியாக இருக்கிறவரும் கேட்டார். ஒரு வண்டி தேவைப்படுகிறவர் இரண்டு ஏஜென்சியில் இரண்டு வண்டி எழுதி வைத்தார். முதலில் வருவதை வாங்கிக்கொண்டு மற்றதை வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்ற கணக்கு. எங்கள் முதலாளியும் அதைத்தான் செய்தார். "எல்லாரும் செய்யறாங்க அம்மிணி, நாம மட்டும் சும்மா இருந்தா ஆவுங்களா?" என்றார். துறைமுகத்தில் இருக்கிறவருக்கு எது பசியில் கேட்கிற சோறு, எது பயத்தில் கேட்கிற சோறு என்று எப்படித் தெரியும்? வரிசை நீண்டது. கடலும் அந்த நேரம் பார்த்துக் கொந்தளித்ததால் கப்பல் கரை சேரவும் தாமதமானது. இல்லாத ஸ்டிரைக்குக்குப் பயந்து உண்மையான தட்டுப்பாட்டை நாங்களே உண்டாக்கிக்கொண்டோம்.

அப்படியிருந்த ஒரு காலையில்தான் ரோம்பர் அக்காவின் துணி வந்தது.

எங்கள் கம்பெனியில் துணி கொடுக்கிறவர்களுக்கு அவர்கள் தைக்கிற பொருளின் பேர்தான். டிராயர் அண்ணன், டிராக் பேன்ட் சார், இப்படி. ரோம்பர் என்பது பிறந்த குழந்தைக்குப் போடுகிற, கையும் காலும் ஒன்றாகச் சேர்ந்த உடுப்பு. ரோம்பர் அக்கா பல வருஷம் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் டேபிளில் நின்றவர். சாமளாபுரத்துப் பக்கம் ஒரு கிறிஸ்தவக் குடும்பம். அப்பா அம்மா ஊர்க் கவுண்டர் தோட்டத்தில் வேலை செய்தவர்கள். இவர் வீட்டின் முன்னறையில் தையல் மெஷின்களைப் போட்டு, மற்றவர்களுக்குத் தைத்துக் கொடுத்துக் கொடுத்து, முதல் தடவையாகத் தன் பேரிலேயே ஒரு ஆர்டர் வாங்கியிருந்தார். நூல் அவருடையது, துணி அவருடையது, தையல் அவருடையது. நிறம் இளமஞ்சள். கோழிக்குஞ்சு நிறம். சாயம் போடுவதில் ரொம்பப் பிடிவாதமான நிறம் அது. ஒரு சொட்டுத் தண்ணீர்க் கறை இருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

"இது மட்டும் சரியாப் போயிருச்சுன்னா வருசம் பூரா தர்றேன்னு சொல்லியிருக்காங்கக்கா. இல்லைன்னா மெசினையெல்லாம் மூடிப் போட்டுட்டு நான் மறுக்காலும் செக்கிங்குக்குத்தான் போகோணும்" என்று துணியை இறக்கும்போதே என்னிடம் சொன்னார். மறைக்கவோ அழவோ இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற மாதிரி சொன்னார்.

எங்கள் டேங்க்கில் அன்று அடிமட்டம். அளவு முள் எங்கே நின்றது என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதனால் சாயம் போடுகிற டையிங் மாஸ்டரிடம், "கேஸ் வண்டி ஏத்திக் கெளம்பியாச்சுன்னு தெரிஞ்சதுக்கப்பறம் மெசின்ல துணிய விடுங்க மாஸ்டர்" என்று சொல்லிவிட்டு விறகு எடை போடப் போனேன். துணி காய்ந்தபடியே இருந்தால் பத்து நாளும் மூலையில் கிடக்கும். ஒரு தடவை தண்ணீரும் சாயமும் பட்டுவிட்டால், அன்றைக்கே காய வைத்தாக வேண்டும். குவியலாகக் கிடந்தால் திட்டுத் திட்டாகக் கறை விழும். வாடை வரும்.

நான் விறகுக்காரரோடு ஈர விறகுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது என் மேசையில் இருந்த போன் அடித்திருக்கிறது. மாஸ்டர் எடுத்திருக்கிறார். கேஸ் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண். தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. மாஸ்டர் கேட்டது ஒரே கேள்வி.

"லோடு போட்டாச்சுங்களா?"

"போட்டாச்சி சார்."

"நெசமாலுமே போட்டாச்சுங்களா?"

"நேத்தே போட்டாச்சி சார்."

மாஸ்டருக்கு வேறு என்ன வேண்டும்? நேற்றே ஏற்றிய வண்டி மதியத்துக்குள் வந்துவிடும். இளமஞ்சள் துணியை மெஷினில் விட்டார். கூடவே ஒரு பெரிய பார்ட்டியின் கறுப்புத் துணியையும் அடுத்த மெஷினில் விட்டார்.

மதியம் டேங்கரைக் காணவில்லை. டிரைவர் நம்பர் கேட்கலாம் என்று கேஸ் ஆபீஸுக்கு நான் போன் போட்டேன். அந்தப் பெண், "வண்டி வரிசைல நிக்கிக்கா. இன்னும் உள்ள போகல்ல" என்றாள்.

"வெடியால லோடு போட்டாச்சுன்னு சொன்னீங்களாமே?"

"ஆமாக்கா, போட்டாச்சி. நேத்தே கம்ப்யூட்டர்ல போட்டாச்சி. வண்டில ஏத்துறதுக்கு நான் என்னக்கா செய்ய?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர்கள் ஆபீஸில் 'லோடு போடுவது' என்றால் இன்ன கம்பெனிக்கு ஒரு வண்டி வேண்டும் என்று ஆர்டரைப் பதிவது. எங்கள் மாஸ்டருக்கு அது மெஷினுக்குள் துணியை விடுவது மாதிரி, கையால் செய்து முடித்த காரியம். அவள் சொன்னதும் நிஜம், அவர் புரிந்துகொண்டதும் நிஜம். போனில் அந்தப் பெண்ணைக் கண்டபடி பேசினேன். அவளும் சும்மா இருக்கவில்லை. "தமிழ்லதானக்கா சொன்னேன்" என்றாள்.

மெஷின்கள் சாயத்தை முடித்துவிட்டன. இளமஞ்சள் துணியும் கறுப்புத் துணியும் ஈரத்தோடு டிராலிகளில் ஸ்டென்டருக்கு முன்னால் வந்து நின்றன. டேங்க்கில் மிச்சமிருந்த கேஸ் ஏதாவது ஒன்றைக் காய வைக்கத்தான் காணும். நான் முதலாளியிடம் போய், கறுப்பு ஒரு ராத்திரி தாங்கும், இளமஞ்சள் தாங்காது, அதை முதலில் விடலாம் என்று சொன்னேன். மாஸ்டரும் தலையை ஆட்டினார்.

முதலாளி கெட்டவர் இல்லை. அவருடைய அப்பா கணியூர்ப் பக்கம் கரும்பு வைத்திருந்தவர். இவர் அதை விற்றுவிட்டு வந்து சாய ஆலை போட்டவர். "கறுப்பு விடச் சொல்லுங்க அம்மிணி" என்றார். "அவங்க துணி வந்தாத்தான் நம்ம கம்பெனி ஓடும். அந்த அக்காகிட்ட நான் பேசிக்கறேன்."

"நீங்க பேச மாட்டீங்ணா. நாந்தான் பேசோணும்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன். சத்தமாகத்தான் சாத்தினேன். கடைசி வரை அவர் அந்த அக்காவிடம் பேசவில்லை.

இரண்டு காம்பவுண்டு தள்ளி ஒரு ஆலையில் கேஸ் இல்லாமல் ஓடுகிற ஸ்டென்டர் இருந்தது. விறகு எரித்து எண்ணெயைச் சூடாக்கி, அந்தச் சூட்டில் காய வைக்கிற வகை. அந்த முதலாளியிடம் ஓடினேன். "பாத்துக்கலாமுங்க. மொதல்ல உக்காருங்க, டீ சாப்புடுங்க" என்றார். உட்கார்ந்தேன். டீ வந்தது. குடித்தேன். அவர் போனில் யார் யாரிடமோ பேசினார். என்னைப் பார்த்துச் சிரித்தார். பிஸ்கட் வந்தது. பிஸ்கட்டையும் தின்ற பிறகுதான், அந்த டீயும் பிஸ்கட்டும்தான் பதில் என்று எனக்கு உறைத்தது.

"அண்ணா, முடியுமா முடியாதான்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க."

அவர் முகம் சுருங்கிவிட்டது. "இப்பிடிக் கேட்டா நான் என்னங்க சொல்றது? எங்க துணியே லைன்ல நிக்குதுங்க."

"அதை டீக்கு முந்தியே சொல்லியிருக்கலாமுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த ஆலைக்காரர் பிறகு வெகுநாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அதற்குள் டேங்கர் நிரப்பிக்கொண்டு கிளம்பிவிட்டது. இந்தத் தடவை டிரைவரிடமே நேராகப் பேசினேன். சங்ககிரிக்காரர். "திண்டுக்கல் தாண்டிட்டனுங்க" என்றார். எந்தப் பெட்ரோல் பங்க், பக்கத்தில் என்ன கடை என்று கேட்டேன். பொறுமையாகச் சொன்னார். தாராபுரம் தாண்டினதும் அவரே கூப்பிட்டார். அன்று முழுக்க எனக்குச் சரியான சேதி சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

ரோம்பர் அக்கா மதியமே திரும்பி வந்துவிட்டார். டிராலிக்குப் பக்கத்தில் நின்று துணியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். நாங்கள் ஃபேன்களை இழுத்து வந்து வைத்தோம். துணியைப் பிரித்துப் பிரித்துத் தொங்கவிட்டோம். தொங்கவிட முடிந்தது கொஞ்சம்தான். ஸ்டென்டர் ஓட்டுகிற ஒடிசாப் பையன்களும் கூட நின்றார்கள். கறுப்புத் துணி முடிகிற நேரத்தில் அவர்களில் ஒருவன் வந்து, "கேஸ் கதம், மேடம்" என்றான். பக்கத்தில் நின்ற ரோம்பர் அக்காவுக்கு இந்தி தெரியாது. ஆனால் கேஸ் தீர்ந்துபோனது புரிந்துவிட்டது.

டேங்கர் கேட்டுக்குள் நுழைந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. லைட் போட்டாயிற்று. டிரைவர் இறங்கி வந்தார். சக்கரத்துக்குக் கட்டை வைத்தார். கேஸ் இறக்குகிற ஓஸ் குழாயை எடுக்கவில்லை.

"வெடியால இறக்கிக்கலாமுங்க" என்றார்.

முதலாளி, "லைட்டெல்லாம் பளிச்சுன்னு இருக்குதுங்களே. மாட்டிருங்க, நாங்க பாத்துக்கறோம்" என்றார்.

"இல்லீங்க. இருட்டுல ஓஸ் மாட்ட மாட்டனுங்க."

இவரும் எங்கள் பக்கத்து மனிதர்தான். எவ்வளவு சுலபமாக 'இல்லை' என்று சொன்னார் என்று நான் வியந்துபோனேன். முதலாளி என்னைப் பார்த்தார். நான்தான் வாய்க்காரி, நான் பேசினால் டிரைவர் மசிவார் என்று அவருக்கு நினைப்பு. ரோம்பர் அக்காவும் என்னைப் பார்த்தார். மதியத்திலிருந்து இந்த வண்டிக்காக நான் அடித்துக்கொண்டதையெல்லாம் பார்த்தவர் அவர். இன்னும் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று அவர் கண் கேட்டது. இருட்டில் இணைப்பு கசிந்தால் கண்ணுக்குத் தெரியாது. அந்தப் பக்கம் பாய்லரில் தீ எரிகிறது. பின்னால் லைன் வீடுகளில் ஒடிசாப் பிள்ளைகள் குடும்பத்தோடு சோறு பொங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

"வேண்டாமுங்ணா. வெடியட்டும்" என்றேன். என் வாயால்தான் அதைச் சொல்ல வேண்டியிருந்தது என்பதில் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் உண்டு.

மறுநாள் காலையில் கேஸ் இறக்கி, இளமஞ்சள் துணியைக் காய வைத்தோம். ஸ்டென்டரிலிருந்து வெளியே வரவர, டீ கொட்டித் துடைத்த மாதிரித் திட்டுகள். ஆர்டர் கொடுத்த ஆபீஸிலிருந்து ஒருவர் வந்தார். துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். ஆர்டர் வேறொரு ஆளுக்குப் போய்விட்டது. அந்தத் துணியை நாங்கள் எங்கள் செலவிலேயே கருநீலமாக்கிக் கொடுத்தோம். கறை மறைந்துவிட்டது. நல்ல கருநீலம்தான். ஆனால் பிறந்த குழந்தைக்கு யார் கருநீலம் போடுவார்கள்?

கருநீலத்தை எடுத்துப்போக வந்த அன்று ரோம்பர் அக்கா திட்டுவார் என்று நான் தயாராகத்தான் இருந்தேன். கப்பல் வந்த கதை, வரிசை, கேஸ் ஆபீஸ் பெண், எல்லாவற்றையும் வரிசையாக வைத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. துணியை ஏற்றி முடித்த பிறகு என்னிடம் வந்தார்.

"கேஸ் இல்லாததுக்கு நீங்க என்னக்கா பண்ணுவீங்க. எல்லாப் பக்கமும்தான் இல்லை. ஆனா வெடியால நான் துணிய எறக்கறப்பவே 'இல்லை'ன்னு சொல்லியிருந்தீங்கன்னா, காஞ்ச துணியக் காஞ்ச துணியாவே ஊட்டுக்குக் கொண்டுட்டுப் போயிருப்பனுங்க."

அவ்வளவுதான் சொன்னார். அடுத்த வாரமே மெஷின்களுக்கு உறை போட்டுவிட்டு ஒரு கம்பெனியில் செக்கிங் டேபிளுக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன்.

ஆனால் அவர் சொன்ன வார்த்தை என்னைப் பிடித்துக்கொண்டது. அதுவரை நான் கேஸை எப்படிச் சீக்கிரம் வரவழைப்பது என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். கப்பலை நான் தள்ள முடியாது, கடலை அடக்க முடியாது. கேஸ் இல்லை என்பதைச் சீக்கிரம் சொல்ல முடியும். யாருக்கும் செலவில்லாத காரியம் அது. நாங்கள் அதைத்தான் செய்யாமல் இருந்தோம்.

முதலில் 'லோடு போட்டாச்சு' என்ற பேச்சைக் கம்பெனியிலிருந்து துரத்தினேன். கேஸ் ஆபீஸ் பெண்ணுக்கு நானே போன் போட்டு, "கண்ணு, இனி நாம அந்த வார்த்தையே வேண்டாம். எழுதியிருக்குதா, ஏத்தியிருக்குதா, ரோட்டுல வந்துட்டிருக்குதா, இதுல ஒண்ணச் சொல்லு" என்றேன். அவள் சிரித்துவிட்டு, "எக்கா, இத மொதல்லயே கேட்டிருக்கலாம்லா" என்றாள். இப்போது அவளும் நானும் நல்ல சிநேகிதம். ஏத்தினது எது, எழுதினது எது என்று அவளே முந்திக்கொண்டு சொல்கிறாள்.

அப்புறம் அளவு முள். முன்பெல்லாம் எங்கள் டேங்க்கில் எவ்வளவு இருக்கிறது என்பதை ஒரு குடும்ப ரகசியம் போல வைத்திருப்போம். காலி என்று தெரிந்தால் துணி கொடுக்கிறவர்கள் ஓடிவிடுவார்கள் என்று முதலாளிக்குப் பயம். இப்போது தினமும் காலையில் முள்ளைப் படம் எடுத்து கேஸ் ஆபீஸுக்கும் லாரி ஆபீஸுக்கும் அனுப்புகிறேன். இரண்டு இடத்தில் எழுதி வைப்பதை நிறுத்தினோம். "உங்க டேங்க்க நான் இங்கருந்தே பாக்கேன்க்கா, நீங்க பயப்படாதீங்க" என்று அந்தப் பெண் சொன்ன பிறகுதான் முதலாளி அதற்கு ஒத்துக்கொண்டார். பக்கத்தில் இருக்கிற சில ஆலைகளும் அதே மாதிரி அனுப்ப ஆரம்பித்தார்கள். ஒருவருக்குப் பாதி டேங்க் இருந்தால் அவருடைய வண்டி ஒருநாள் தள்ளிப் போய், காலியாக இருப்பவருக்கு முதலில் வருகிறது. டீயும் பிஸ்கட்டும் கொடுத்த ஆலைக்காரர் மட்டும் இன்னும் அனுப்பவில்லை. "பாத்துக்கலாமுங்க" என்கிறார்.

அடிமட்டத்துக்கு வந்த பிறகு கேட்பதை விட்டுவிட்டுப் பாதிக்குக் கீழே இறங்கும்போதே கேட்கிறோம். வண்டி பகலில் வந்து சேருகிற மாதிரி நேரம் கேட்டு வாங்குகிறோம். டேங்கர் கேட்டைத் தாண்டாமல் மெஷினில் துணி இறங்கக் கூடாது என்று மாஸ்டர் சாக்பீஸால் மெஷின் மேலேயே எழுதி வைத்திருக்கிறார். ரோட்டைத் தோண்டிக் குழாய் பதிக்கிறார்கள். குழாயிலேயே கேஸ் வந்துவிடும், டேங்கரே வேண்டாம் என்கிறார்கள். எப்போது என்று கேட்டால் "வந்துட்டே இருக்குதுங்க" என்றார் அந்தக் காண்ட்ராக்டர். எனக்குப் புரிந்தது.

இதெல்லாம் ஆனாலும் சில நாள் கேஸ் இருக்காது. அப்படி ஒரு நாள். கடலில் ஏதோ புயல் சின்னம். கப்பல் வெளியே நிற்கிறது என்று கேஸ் ஆபீஸ் பெண் முந்தின நாளே சொல்லிவிட்டாள். காலையில் கேட்டுக்கு முன்னால் ஒரு குட்டியானை வண்டி வந்து நின்றது. பின்னால் சாயமேறாத பனியன் துணி உருளைகள். முன் சீட்டிலிருந்து ரோம்பர் அக்கா இறங்கினார். மறுபடியும் மெஷின்களின் உறையைப் பிரித்துவிட்டார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அவர் எங்களைத் தேடி வந்தார் என்பதே பெரிய விஷயம்.

"சின்ன ஆர்டர்தானுங்க. வெள்ளைக்குப் பக்கத்துல ஒரு ரோஸ். எறக்கிரலாமுங்களா?" என்றார்.

முதலாளி தன் அறைக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வண்டித் துணியைத் திருப்பி அனுப்புவது அவருக்குச் சாதாரண விஷயம் இல்லை என்பது எனக்குத் தெரியும். எனக்கும்தான். 'இறக்குங்க, பாத்துக்கலாமுங்க' என்று வாய் தானாகவே திறந்தது. மூடிக்கொண்டேன்.

"இல்லீங்க அக்கா. கேஸ் இல்லை. எறக்காதீங்க."

"நாளைக்குங்களா?"

"தெரியலீங்க. கப்பலே இன்னும் கரைக்கு வரலையாமுங்க."

அவர் கோபப்படவும் இல்லை, நன்றி என்றும் சொல்லவில்லை. "செரிங்க" என்றார். அவிழ்த்துக்கொண்டிருந்த தார்ப்பாயை மறுபடியும் இழுத்துக் கட்டச் சொன்னார். டிரைவர் வண்டியைத் திருப்பிக்கொண்டிருக்கும்போதே முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, வேறொரு சாய ஆலைக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் வளவளவென்று ஏதோ சொன்னார்கள் போல. அவர் நடுவில் நிறுத்தினார்.

"அதெல்லாம் இருக்கட்டுமுங்க. கேஸ் உங்க டேங்க்குல இருக்குதுங்களா, ரோட்டுல இருக்குதுங்களா? டேங்க்குல இருந்தாத்தான் நான் துணிய நனைய விடுவனுங்க."